லாரிக்கு எது கிழக்கு

"வளையல் கடை அடுத்த சந்துலம்மா" என்றார் கடைக்காரர். உதிரிபாகம் வாங்க வந்து நின்றிருந்த லாரிக்காரர்கள் சிரித்தார்கள்.

வேதா கைக்குட்டையை அவிழ்த்து, உள்ளே இருந்த கருகிய ஸ்பார்க் பிளக்கை எடுத்துக் கண்ணாடி மேசையின் மேல் வைத்தாள். வைத்த வேகத்தில் கண்ணாடி கீறிவிட்டதோ என்று கடைக்காரர் குனிந்து பார்த்தார்.

"இதே மரையில எட்டு வேணும்."

"எட்டா? இன்னா வண்டி?"

"பழைய மிலிட்டரி லாரி. பெட்ரோல் இஞ்சின்."

கடைக்காரர் பிளக்கை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். இப்போது வருகிற கார் பிளக்கைவிட அதன் மரை பருமன். அது இப்போது கிடைக்காது என்று பார்த்தவுடனே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் நாலு பேர் நிற்கும்போது உடனே சொல்லிவிட்டால் என்ன சுவாரஸ்யம்?

"சண்ட முடிஞ்சி நாப்பது வருசம் ஆவப்போவுது. இன்னும் யார் மேல குண்டு போட இத வெச்சிக்கினு கீறீங்க? இந்த மரை இப்ப வர்றதில்லம்மா. வேலூர்ல பாரு."

"வேலூர்ல உங்களப் பாக்கச் சொன்னாங்க."

இந்த முறை சிரிப்பு கடைக்காரரைப் பார்த்து வந்தது. அது அவருக்குப் பிடிக்கவில்லை. "அப்ப மெட்ராஸ் போ. இல்ல, பழைய இரும்புக்கு எடைபோட்டுட்டுப் போ" என்று பிளக்கைத் தள்ளிவிட்டார். அது உருண்டு மேசையை விட்டுக் கீழே விழுந்தது. யாரும் குனிந்து எடுக்கவில்லை. வேதாவே குனிந்து எடுத்தாள்.

குனிந்ததுதான் அவளுக்கு எரிந்தது. கடைத்தெரு முழுக்க அந்த எரிச்சலைச் சுமந்துகொண்டு நடந்தாள். இருபத்திரண்டு வயது. சரித்திரத்தில் பி.ஏ. அவள் வம்சத்திலேயே காலேஜ் வாசலை மிதித்தவள் அவள்தான். ஆற்காட்டு நவாபுக்கும் வெள்ளைக்காரக் கம்பெனிக்கும் நடந்த சண்டைகளையெல்லாம் வருஷத்தோடு ஒப்பிப்பாள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு வந்தபோது காலனியே தெருமுனைக்கு வந்து நின்று பார்த்தது. அப்படிப்பட்ட படிப்புக்கு ஒரு பிளக் கிடைக்கவில்லை. படித்ததெல்லாம் யாருக்காக, எதற்காக என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். கேட்கக் கேட்கக் கோபம்தான் வந்தது. அது எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

அது 1983ஆம் வருஷத்துக் கோடை. முந்தின வருஷத்து மழை ஏமாற்றிவிட்டது. அடி அண்ணாமலையைத் தாண்டி உள்ளே போகிற மண் ரோட்டில், ஏரிக்கரைக்குக் கீழே இருந்தது அவர்கள் காலனி. காலனிக் கிணற்றில் வாளியை விட்டால் சேறுதான் வந்தது. சுற்றுவட்டாரத்தில் தண்ணீர் இருந்தது ஊர்த்தெரு நிலக்காரர் மூர்த்தியின் பம்ப்செட்டில் மட்டும். அவர் தண்ணீர் கொடுக்க மாட்டேன் என்று சொன்னதில்லை. கொடுப்பார். ஆனால் காலனிக்காரர்கள் தொட்டியைத் தொடக்கூடாது, வாய்க்காலில் குடத்தை முக்கக்கூடாது. வரப்புக்குக் கீழே வரிசையாக நிற்க வேண்டும். அவருடைய ஆள் மேலே நின்று, குடத்தின் மேல் குடம் படாமல் உயரத்திலிருந்து ஊற்றுவான். பாதி குடத்திலும் பாதி புடவையிலும் விழும். தண்ணீரோடு அவன் வாயிலிருந்து வருவதையும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அந்த வரப்படியிலிருந்து காலனியை மீட்டது வேதாவின் அப்பா சின்னசாமியின் லாரி.

சின்னசாமி சின்ன வயதில் ஒரு மரக் கான்ட்ராக்டரிடம் கிளீனராகச் சேர்ந்தவர். சண்டை முடிந்து பட்டாளம் ஏலம் விட்ட லாரிகளில் ஒன்றை அந்தக் கான்ட்ராக்டர் எடுத்திருந்தார். எந்த நாட்டில் செய்ததென்று யாருக்கும் தெரியாது. மூக்கு நீண்டு, கண் இடுங்கி, பன்றி உறுமுவது போல உறுமும். சின்னசாமி அதைக் கழுவினார், பிறகு ஓட்டினார், கடைசியில் அதனோடு சேர்ந்து கிழவரானார். எழுபத்து நாலில் கான்ட்ராக்டர் தொழிலை விட்டபோது, "இத இரும்புக் கடைக்குத் தள்றதுக்கு நீயே ஓட்டிக்கினு போடா" என்றார். ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். மணல் அடித்தார், செங்கல் அடித்தார். இந்தப் பஞ்சத்தில் பின்னால் ஒரு தகரத் தொட்டியைப் பற்றவைத்து, செங்கம் ரோட்டில் ரமணாசிரமத்துக்கு அப்பால் ஒரு பென்ஷன்காரர் வீட்டுக் கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தார். அந்த மனிதர் மோட்டாரைப் போட்டுவிட்டு உள்ளே போய்விடுவார். யார் தொட்டார்கள், எதைத் தொட்டார்கள் என்று பார்க்க மாட்டார்.

எட்டு சிலிண்டர், எட்டு பிளக். சின்னசாமிக்கு எழுத்து தெரியாது. ஒன்று, இரண்டு என்று நம்பர் சொல்லிக்கொடுத்த மெக்கானிக் வலமிருந்து எண்ணினானா இடமிருந்து எண்ணினானா என்பது அவருக்குக் குழம்பிப்போனது. அதனால் திசைக்கு ஒன்றாக மலையைச் சுற்றியுள்ள எட்டு லிங்கங்களின் பேரையே பிளக்குகளுக்கு வைத்துவிட்டார். இந்திரன், அக்னி, எமன், நிருதி, வருணன், வாயு, குபேரன், ஈசானியம். பெரிய கோவிலுக்குள்ளே போனால் எந்தக் கண் எப்படிப் பார்க்குமோ என்று கூசுகிறவர் அவர். வழியில் உட்கார்ந்திருக்கிற லிங்கங்கள் அவரை எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டதில்லை. அவை அவருக்கு நெருக்கம். "எமன் இருமுறான்", "வருணன் தூங்கிட்டான்" என்பார். தண்ணீர் லாரியில் வருணன் தூங்குவதா என்று காலனியில் கேலி செய்வார்கள்.

அந்த லாரி கிரிவலப் பாதையில் நின்றுபோனது. ரேடியேட்டர் கொதித்தது. மூடியைத் திறந்த சின்னசாமியின் இரண்டு கைகளும் ஆவியில் வெந்தன. கொதித்த சூட்டில் பிளக்குகளின் பீங்கான் விரிசல் விட்டது. காலனி ஆண்கள் சேர்ந்து லாரியைத் தள்ளிக்கொண்டு வந்து புளியமரத்தடியில் நிறுத்தினார்கள். அப்பா சொல்லச் சொல்ல, வேதாதான் பிளக்குகளைக் கழற்றினாள். கழற்றிய ஒவ்வொரு ஒயரின் நுனியிலும் லிங்கத்தின் பேரை எழுதி ஒரு சீட்டைக் கட்டினாள். மறுநாளே பெண்கள் குடத்தோடு மூர்த்தியின் வரப்படிக்குப் போய் நின்றார்கள். அவர்களில் அத்தை பாஞ்சாலையும் ஒருத்தி.

டவுனில் கிடைக்காமல் வேதா திரும்பியபோது, மூர்த்தியிடமே அந்தப் பிளக் இருக்கிறது என்று சொன்னதும் அத்தைதான். அதே ஏலத்தில் மூர்த்தியின் அப்பாவும் ஒரு லாரி எடுத்து, பிறகு அதை உடைத்து விற்றிருந்தார். பிளக் செட் மட்டும் பம்ப்செட் கொட்டகையில், சாமி படத்துக்குக் கீழே இருந்தது. ஆயுத பூசைக்கு ஆயுத பூசை அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். சும்மா கிடக்கிற சாமான்தானே, கேட்டால் கொடுப்பார் என்று வேதா போனாள்.

மூர்த்தி கட்டிலில் சாய்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைத்தான் அவளால் பிறகு மறக்கவே முடியவில்லை.

"வாம்மா பட்டதாரி. இன்னா விசயம்?"

"அந்த பிளக் செட் வேணும் சார். வெல சொல்லுங்க."

"சாரா?" மூர்த்தி ரேடியோவை அணைத்தார். "நான் எந்தப் பள்ளிக்கூடத்துல வாத்தியாரா கீறேன்? உங்கப்பன் ஆண்டேன்னுதான கூப்புடுவான்?"

வேதா சாமி படத்துக்குக் கீழே இருந்த பிளக் செட்டையே பார்த்தாள்.

"வெலயெல்லாம் வேணாம். எட்டும் குடுத்துடறேன். சின்னசாமி வந்து கேக்கட்டும்."

"அவருக்கு ரெண்டு கையிலயும் கட்டு போட்டுக்குது."

"வாயில கட்டு இல்லியே?" என்றார் மூர்த்தி, சிரித்துக்கொண்டே. "லாரி வந்ததுலருந்து அவன் இந்தப் பக்கமே வர்றதில்ல. ரோட்டுல பாத்தா ஹாரன் அடிக்கிறான். தோள்ல துண்டு போட்டுக்கினு எனக்கு ஹாரன் அடிக்கிறான்! வரட்டும். துண்ட எடுத்து இடுப்புல கட்டிக்கினு, பழையபடி வந்து கேக்கட்டும். எடுத்துக்கினு போவட்டும்."

வீட்டுக்கு வந்து வேதா இதை ஒரு சொல் விடாமல் சொன்னாள். அப்பாவுக்கும் கோபம் வரும், இரண்டு பேருமாகச் சேர்ந்து திட்டலாம் என்று நினைத்திருந்தாள். சின்னசாமி கட்டுப் போட்ட கையால் தோளிலிருந்த துண்டைச் சரித்து எடுத்தார்.

"இவ்ளோதானா? போறேன்."

"எங்க?"

"அவருகிட்டதான். முப்பது வருசம் கட்டுன துண்டுதான? இன்னொரு தபா கட்னா இடுப்பு தேஞ்சா பூடும்?"

"நைனா, நீ போனா நான் இந்த வீட்ல இருக்க மாட்டேன்."

"எங்கடி போவ? வேல குடுத்துட்டானா உனக்கு?"

அந்த வார்த்தை அவரையும் மீறி வந்துவிட்டது. இருவருக்குமே சுருக்கென்றது. அப்போது பாஞ்சாலை குடத்தோடு உள்ளே வந்தாள். புடவை இடதுபக்கம் முழுக்க நனைந்திருந்தது. குடத்தில் பாதிதான் தண்ணீர்.

"நல்லா கத்துங்க. அப்பனும் பொண்ணும் கத்தற கத்துல ஊத்து தொறக்கும்" என்றாள். "அண்ணே, அவ ரோசம் அவளுக்கு. உன் இடுப்பு உனக்கு. ஊத்தறவன் இன்னிக்கு என் தலையில ஊத்திட்டு, குளிச்சி எத்தினி நாளாச்சி, தேங்ஸ் சொல்லுன்றான். அதுக்கு ரெண்டு பேரும் இன்னா பண்ணப் போறீங்க, அதச் சொல்லுங்க."

வேதா அத்தையின் நனைந்த புடவையைப் பார்த்தாள். தன் ரோஷத்துக்கு விலை கொடுப்பது யார்? தான் வரப்படியில் நின்றதில்லை. காலேஜ் படித்த பெண் என்று இந்தப் பஞ்சத்திலும் அவளை அனுப்பவில்லை. தலையில் தண்ணீர் விழாதவள் அப்பாவைக் குனியாதே என்று சொல்வது சுலபம். சரி, அதற்காக அவர் குனிந்துவிடலாமா? எட்டு பிளக்கைக் கொடுத்துவிட்டு, லாரி ஓடுகிற ஒவ்வொரு நாளும் 'என் பிளக்கில் ஓடுது' என்று அந்த ஆள் ஊரெல்லாம் சொல்வான். அப்புறம் லாரியும் அந்த வரப்படியும் ஒன்றுதான்.

"நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பொறு நைனா" என்றாள். "அதுக்குள்ள ஆவலன்னா நீ போ. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

சொல்லிவிட்டாளே தவிர, கையில் ஒன்றும் இல்லை. விடிந்ததும் டவுனுக்கு நடந்தாள். வழியில், செங்கம் ரோட்டுப் பென்ஷன்காரர் வீட்டுக் கிணற்றடிக்குப் போய் லாரி வராத காரணத்தைச் சொன்னாள். சொல்லிக்கொண்டிருக்கும்போது கண் மோட்டார் குழாயில் நின்றது. தடித்த குழாய் ஓரிடத்தில் முடிந்து, ஒரு இரும்பு வளையத்துக்கு அப்பால் ஒல்லிக் குழாயாகப் போனது. வெளியே பெரிய மரை, உள்ளே சின்ன மரை. பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஆதிமூலத்தின் லேத் பட்டறை இருந்தது. அவர் தலையைத் தூக்காமலே, "இன்னாம்மா?" என்றார்.

"கார் பிளக் எல்லாக் கடையிலயும் கெடைக்குதுங்க. லாரி ஓட்ட பெருசு. நடுவுல ஒரு மோதிரம் மாதிரி கடைஞ்சி குடுத்தீங்கன்னா..."

"புஷ்ஷுனு சொல்லு. தாங்காது. சூட்டுல பிச்சிக்கினு பறக்கும். உங்கப்பன் மண்டையப் பொளந்துடும்."

"நீங்க கடையலன்னா எங்கப்பா மண்டை இன்னிக்குச் சாயங்காலம் குனியப் போவுதுங்க. அதுக்குப் பொளந்தா பரவால்ல."

ஆதிமூலம் லேத்தை நிறுத்தினார். பெண்பிள்ளை இப்படிக் கத்தி அவர் பட்டறையில் கேட்டதில்லை. பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"கத்தாதம்மா. காது கேக்குது. எத்தினி?"

"எட்டு."

"எட்டா! ஒரு கல்யாணத்துக்கே ரெண்டு மோதிரம்தான். நீ எட்டு கேக்கற" என்று முணுமுணுத்துக்கொண்டே இரும்புக் கம்பியை எடுத்தார். முதல் இரண்டும் மரை பிசகிப் பாழாயின. பாழானதற்கு அவளைத் திட்டினார். அவள் திரும்பிப் பேசாமல் நின்றாள். திட்டிக்கொண்டே வேலை செய்கிறவரை நிறுத்தக்கூடாது என்று அவளுக்குத் தெரியும், அப்பாவும் அப்படித்தான். வெயில் சாய ஆரம்பித்தபோது எட்டு வளையங்களும் அவள் முந்தானையில் இருந்தன. எட்டு கார் பிளக்குகளை அந்த வளையல் கடைப் பேச்சுக்காரரிடமே வாங்கினாள். "கெடைச்சிடுச்சா?" என்றார். "எங்களுக்குக் கெடைக்கும்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது புளியமரத்தடியில் சின்னக் கூட்டம். வண்டிப்பாதையை அடைக்கிறது என்று மூர்த்தியின் ஆள் வந்து சத்தம் போட்டானாம். அதனால் பகலில் லாரியைத் தள்ளித் திருப்பி, மரத்துக்கு மறுபக்கம் நிறுத்தியிருந்தார்கள். அவன் இன்னும் போகவில்லை. பீடியோடு நின்று வேடிக்கை பார்த்தான். சின்னசாமி கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார்.

வேதா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பம்பர் மேல் ஏறினாள். எட்டையும் முடுக்கினாள். பிறகு ஒயர்கள். எல்லாம் ஒரே நீளம். சீட்டில் இருந்த பேரையும் அந்த லிங்கத்தின் திசையையும் பார்த்துப் பார்த்து மாட்டினாள்.

"இந்திரன மாட்டிட்டியா?" என்றார் சின்னசாமி உட்கார்ந்த இடத்திலிருந்தே.

"மாட்டிட்டேன்."

"எங்க?"

"கெழக்கால."

"சரி. அங்கருந்து பிரதட்சணமா வா."

வந்தாள். பக்கத்து வீட்டு பலராமன் முன்னால் ஹேண்டிலைச் செருகிச் சுழற்றினான். டமார் என்று ஒரு வெடி. புகைக்குழாயிலிருந்து கரும்புகை கிளம்பியது. ஹேண்டில் திருப்பி உதைத்ததில் பலராமன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். இன்னொரு தடவை. இன்னொரு வெடி. கோழிகள் பறந்தன.

"குண்டு போடறாங்கடோய்!" என்றான் மூர்த்தியின் ஆள். "படிச்ச கையி!"

சின்னசாமி எழுந்தார். துண்டை எடுத்தார். "சாயங்காலம் ஆய்டிச்சி. நான் போய்ட்டு வந்துடறேன்."

"இரு நைனா. எங்கியோ தப்பு."

"பிளக் தப்பு. மோதிரம் தப்பு. எல்லாந்தான் தப்பு."

"நீ சொன்னபடிதான மாட்டுனேன்! இந்திரன் கெழக்கு. அப்பால அக்னி, எமன்..."

"கெழக்குன்ன. காமி பாக்கலாம்."

"இதான்" என்று அவள் ஒரு பக்கத்து வரிசையைக் காட்டினாள். மலை இருந்த பக்கம், காலனிக்குக் கிழக்கு.

சின்னசாமி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அடி பாவி. அது மேக்குடி."

"மலை இந்தப் பக்கம் கீது. சூரியன் அந்தப் பக்கம் வுழறான். இது எப்படி நைனா மேக்கு?"

"ஊருக்குக் கெழக்கு. லாரிக்கு மேக்கு!" சின்னசாமி கத்தினார். "டிரைவர் சீட்டுப் பக்கம் எப்பவும் கெழக்கு. நான் தொழில் கத்துக்கும்போது அது வடக்கப் பாத்து நின்னுது. அன்னிலருந்து அதான் கெழக்கு."

"லாரி திரும்புனா?"

"லாரி திரும்புனா கெழக்கும் திரும்பும்!"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். வேதாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கழற்றும்போது லாரி வடக்குப் பார்த்து நின்றது. அன்றைக்கு அப்பாவின் கிழக்கும் ஊரின் கிழக்கும் ஒன்றாக இருந்தன. இப்போது அது தெற்குப் பார்த்து நிற்கிறது. எட்டு லிங்கமும் எதிரெதிரே இடம் மாறி உட்கார்ந்திருந்தன. "இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்று அப்பாவின் மேல் பாய்ந்தாள். "கெழக்கு தெரியாத பி.ஏ. உண்டுன்னு எனக்கு எவன் சொன்னான்?" என்று அவர் திருப்பிப் பாய்ந்தார். இரண்டு பேரும் திட்டிக்கொண்டேதான் ஒயர்களைக் கழற்றி மாட்டினார்கள். அவர் கட்டுப் போட்ட கையால் சுட்டினார். அவள் பிடுங்கிச் செருகினாள்.

பலராமன் இடது கையால் சுழற்றினான். லாரி இருமியது. இன்னொரு சுற்று. ஒரு குலுக்கலில் தொட்டி கடகடத்தது. பிறகு அந்தப் பழைய உறுமல் கிளம்பியது. எட்டும் சரியாகப் பிடித்ததென்று சொல்ல முடியாது, ஒன்றோ இரண்டோ நொண்டியது. ஆனால் நிற்கவில்லை. மூர்த்தியின் ஆள் பீடியைக் காலால் தேய்த்துவிட்டுப் போனான். இந்தச் செய்தியை முதலில் கொண்டுபோகிறவன் அவனாகத்தான் இருப்பான்.

சின்னசாமி கட்டோடேயே ஸ்டியரிங்கைப் பிடித்தார். கியர் போடும் வேலை வேதாவுக்கு. அவர் கிளட்சை மிதித்துச் சொல்ல, இவள் இரண்டு கையாலும் கம்பியைத் தள்ளினாள். மண் ரோட்டைத் தாண்டி மூர்த்தியின் நிலத்தோரம் வந்தபோது, வரப்படியில் ஐந்தாறு பெண்கள் நின்றிருந்தார்கள். கடைசியில் பாஞ்சாலை. அவள் குடத்தில் அப்போதுதான் ஊற்றி முடித்திருந்தார்கள்.

"நிறுத்து நைனா."

லாரி உறுமிக்கொண்டே நின்றது. வேதா கதவுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்தினாள். வரப்பின் மேல் நின்றவனுக்கும், கொட்டகைக்குள் இருக்கிறவருக்கும் கேட்க வேண்டும் என்றே கத்தினாள்.

"அத்தே! அதக் கொட்டிட்டு வந்து ஏறு! எல்லாரும் ஏறுங்க! நாம போய் மொண்டுக்கலாம்!"

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இரண்டு பேர் காலிக் குடத்தோடு வேகமாக நடந்து வந்தார்கள். பாஞ்சாலை குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, ஒரு சொட்டுத் தளும்பாமல், நிதானமாக வந்தாள்.

"கொட்டுன்னு சொன்னேன்ல அத்தே?"

"ஊத்துனவன் மேல கோவம்னா அவனத் திட்டு. தண்ணி உன்ன இன்னாடி பண்ணிச்சி?" என்றாள் பாஞ்சாலை. "பிடி குடத்த."

வேதா குனிந்து குடத்தை வாங்கினாள். கோபம் கொஞ்சமும் குறையவில்லை. மடியில் வைத்து, இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டாள். "இப்ப கியர் யாரு போடறது?" என்று அப்பா கத்தினார்.